அப்பாவின் தோல்பையும் பரமண்டல ஜெபமும்

என் அப்பா கண்டக்டர். மதுரை பெரியார் நிலையத்திலிருந்து திருப்பரங்குன்றம், திருமங்கலம் என்று நாள் முழுக்க நின்றுகொண்டே ஓடிய மனிதர். முதல் டிரிப்பு இருக்கிற நாட்களில் விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்துவிடுவார். பசுமலையில் அப்போது எங்கள் வீடு ஒரு அறையும் ஒரு அடுப்படியும்தான், அதனால் அவர் முகம் கழுவுவது, ஆணியில் மாட்டிய காக்கிச் சட்டையை எடுத்து உதறுவது எல்லாம் பாயில் படுத்தபடியே எனக்குக் கேட்கும். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்காது. கண்ணைத் திறந்து பார்த்தால் ஜீரோ வாட்ஸ் பல்பு வெளிச்சத்தில் சுவரைப் பார்த்து முழங்காலில் இருப்பார், வெடித்த குதிகால் இரண்டும் எங்கள் பக்கம் தெரியும். அப்படி ஒருநாள்தான் அவர் மெதுவாக "அப்பா" என்று சொன்னதைக் கேட்டேன்.

எனக்கு ஆறோ ஏழோ வயசு. தாத்தா நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். அப்படியிருக்க இவர் யாரைக் கூப்பிடுகிறார்? வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டாலே நாங்கள் சண்டையை நிறுத்திவிட்டுப் புத்தகத்தை எடுப்போமே, அந்த அப்பாவுக்கு ஒரு அப்பாவா? அந்த ஆச்சரியம் இன்னும் எனக்குப் போகவில்லை, போகவும் வேண்டாம்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் நான் பத்து வருஷத்துக்கு மேலாகச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இயேசு சொல்லிக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை வகுப்பே சேர்ந்து ராகம் போட்டுச் சொல்லும். அதில் ஒரு எட்டு வயசுப் பிள்ளை "எங்கள் பிதாவே" என்கிற முதல் வரிக்கு வாயைத் திறக்கவே மாட்டாள், "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்று வரும்போதுதான் சேர்ந்துகொள்வாள். மனப்பாடம் ஆகவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப முதல் வரியையே சொல்லவைத்தேன், அது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. அவள் வீட்டில் அப்பா குடித்துவிட்டு வருகிறார், வந்தால் அடி. அப்பா என்றால் அவளுக்கு ராத்திரி பத்து மணிக்குக் கதவை உதைக்கிற கால்.

அந்தப் பிள்ளையிடம் போய் "கடவுள் உன் அப்பா மாதிரி" என்று எப்படிச் சொல்வது? பல வாரம் அந்த வார்த்தையைச் சுற்றிச் சுற்றித்தான் பாடம் எடுத்தேன். ஒருநாள் வகுப்பு முடிந்து ஜமுக்காளத்தை மடிக்கும்போது அவளே பக்கத்தில் வந்து நின்றாள். "பரிசுத்தம்னா என்னக்கா?" வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன், பாவமே இல்லாதவர், கெட்டது எதுவும் அவரிடம் கிடையாது என்று. கொஞ்சம் யோசித்தாள்.

"அப்போ குடிக்க மாட்டாரா?"

"மாட்டாரு."

"எப்பவுமே?"

"எப்பவுமே."

அவ்வளவுதான், போய்விட்டாள். நான் மடித்த ஜமுக்காளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பிதா என்பது நம்மைக் கிட்டே வரச் சொல்கிற சொல், பரிசுத்தர் என்பது கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்கிற சொல் என்றுதான் இத்தனை வருஷமும் என் மனசில் இருந்தது. பிரசங்கங்களிலும் ரெண்டையும் தராசில் வைத்துத்தான் பேசுவார்கள், அன்பு இவ்வளவு, பயபக்தி இவ்வளவு, ஒன்று கூடினால் மற்றது குறையும் என்பதுபோல. அந்தப் பிள்ளைக்கோ பிதா என்ற சொல்தான் பயம், பரிசுத்தம் என்ற சொல்தான் ஆறுதல். பரிசுத்தர் என்றால் இன்றைக்கு ஒரு மாதிரியும் நாளைக்கு ஒரு மாதிரியும் இருக்கமாட்டார். கை ஓங்கமாட்டார். அவர் அன்புக்குள் அழுக்கு கலந்திருக்காது.

இயேசு அந்த ஜெபத்தை அமைத்திருக்கிற விதத்தை அப்புறம்தான் கவனித்துப் பார்த்தேன். "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று கூப்பிட்ட உடனே கேட்கிற முதல் காரியம் சாப்பாடு இல்லை, மன்னிப்பு இல்லை, "உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக". எங்கள் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கப் பாட்டி இதையே "அர்ச்சிக்கப்படுவதாக" என்று சொல்லுவார், இப்போது அவர் பேரப்பிள்ளைகள் "தூயது எனப் போற்றப்பெறுக" என்கிறார்கள். எந்தச் சொல்லில் சொன்னாலும் அது நிற்கிற இடம் ஒன்றுதான், பிதா என்ற சொல்லுக்கு அடுத்தபடியாக. யோவான் 17-ஆம் அதிகாரத்தில், பிடித்துக்கொண்டு போகப்படுவதற்கு முந்தின அந்த ஜெபத்தில், இயேசு இன்னும் நெருக்கமாக ரெண்டையும் ஒட்டியே வைத்துவிடுகிறார்: "பரிசுத்த பிதாவே". சீஷர்களைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்கிற இடம் அது. பிள்ளைகளைக் காப்பாற்றும்படி கேட்கிறவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார் என்றால் அந்தப் பரிசுத்தம் யாருக்காக இருக்கிறது?

கடவுளை அப்பன் என்று கூப்பிடுவது எங்கள் ஊருக்குப் புதுசு ஒன்றும் இல்லை. தைப்பூசத்துக்குப் பரங்குன்றம் போகிற கூட்டம் எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போகும், "அப்பனே முருகா" என்ற குரலைக் கேட்டு வளர்ந்தவள் நான். அதனால் "நாங்கள் மட்டும்தான் கடவுளை அப்பா என்கிறோம்" என்று யாராவது மைக்கில் சொன்னால் எனக்கு ஒப்பாது. இயேசு சொல்லிக்கொடுத்த அப்பா எப்படிப்பட்டவர் என்பதில்தான் என் மனசு நிற்கிறது.

அந்த "அப்பா" என்ற சொல்லே நம் வேதாகமத்தில் ஒரு தனிக் கதை. "அப்பா பிதாவே" என்று புதிய ஏற்பாட்டில் மூன்றே இடத்தில் வருகிறது, மாற்கு 14:36, ரோமர் 8:15, கலாத்தியர் 4:6. படிக்கிற நமக்கு ரெண்டுமே தமிழ்தான் என்று தோன்றும், ஆனால் அது இயேசு வீட்டில் பேசிய அரமேய மொழிச் சொல், அவர் வாயில் வந்தபடியே எழுதிவைத்தது. வேறு மொழிக்காரர்கள் பலர் அதற்கு விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது, நமக்கு வேண்டியதே இல்லை. இதை வைத்துத் தமிழும் அரமேயமும் ஒன்று என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள், அது சரியில்லை, ரெண்டும் வேறு வேறு குடும்பம். பச்சைக் குழந்தையின் உதடு முதலில் பழகுகிற ஓசை எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான், அவ்வளவே. இன்னொன்று, அது மழலைச் சொல் மட்டும் அல்ல, வளர்ந்த மகன்களும் மகள்களும் தகப்பனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நாமும் அப்படித்தானே, ரெண்டு வயசிலும் அப்பா, நாற்பத்தாறு வயசிலும் அப்பா.

அப்புறம் "நீர்", வேதாகமத்தில் கடவுளைக் கூப்பிடுகிற சொல். எங்கள் அப்பாவை நாங்கள் "நீங்க" என்போம். என் மகள் அவள் அப்பாவை "நீ" என்கிறாள். மதுரையில் யாரும் யாரையும் "நீர்" என்று பேசி நான் கேட்டதில்லை. "நீ" மாதிரி ஒருமையும் இல்லை, "நீங்கள்" மாதிரி விலகியும் இல்லை, நான் "நீர்" என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவர்தான். அதற்காகவே வேதாகமத்தின் பழைய நடையை விட மனசு வரவில்லை.

சரி, தோல்பைக்கு வருகிறேன். 1988-இல் என்று நினைவு, எனக்கு ஒன்பது வயசு. டிரிப்புக்கு நடுவில் அப்பா வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். காசுப் பையை ஆணியில் மாட்டிவிட்டுக் கை கழுவப் போனார். அந்தப் பையைத் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம், வீட்டுக்குச் சில்லறை வேண்டுமென்றால் அம்மாகூட அதில் மாற்றமாட்டார். நான் ரெண்டு ரூபாய் எடுத்தேன். பள்ளிக்கூட வாசலில் சேமியா ஐஸ் வாங்கினேன், மீதிக்குக் கமர்கட்டு.

ராத்திரி அப்பா வந்தார். டெப்போவில் கணக்குக் கட்டும்போது ரெண்டு ரூபாய் குறைந்திருக்கிறது, சட்டைப்பையிலிருந்து போட்டுக் கட்டியிருக்கிறார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "பையைத் தொட்டியாம்மா?" நான் இல்லை என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. குடும்ப ஜெபத்துக்குப் பாய் விரித்தோம், ஒரு கீர்த்தனை பாடினோம், வசனம் வாசித்தோம், எல்லாம் எப்போதும் போலத்தான், ஆனால் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடி விழும் என்ற பயம் இல்லை அது. அவர் அப்படி ஒரு ரூபாய்கூடத் தொடாதவர் என்பதுதான் தாங்க முடியவில்லை. "ஐயோ, அதமானேன், நான் அசுத்த உதடுகளுள்ள மனுஷன்" என்று ஏசாயா தீர்க்கதரிசி கடவுளைக் கண்டு சொல்கிற இடத்தை எப்போது வாசித்தாலும் அன்றைக்கு ராத்திரி அந்தப் பாயில் உட்கார்ந்திருந்ததுதான் நினைவு வரும்.

எல்லோரும் தூங்கின பிறகு எழுந்து அவர் பாய்ப் பக்கம் போனேன். அவர் தூங்கவில்லை. "நான்தாம்ப்பா எடுத்தேன்" என்றேன். இருட்டில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒருக்களித்து நகர்ந்து இடம் விட்டு, "சரி, படு" என்றார்.

காலையில் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "அது நம்ம காசு இல்லம்மா, இனிமே தொடக்கூடாது" என்று மட்டும் சொன்னார். அந்த ரெண்டு ரூபாயை அவர் யாரிடமும் கேட்கவில்லை.

அந்த "சரி, படு"வுக்கு இருந்த கனம் எங்கிருந்து வந்தது என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். ரெண்டு ரூபாய்தானே, போகட்டும் என்கிற ஆள் அதைச் சொல்லியிருந்தால் அது ஒன்றுமே இல்லை. அதை அற்பம் என்று நினைக்காத மனிதர், தன் காசைப் போட்டுக் கட்டிய மனிதர், நகர்ந்து இடம் விட்டார். "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று நாம் கேட்பதும் அப்படிப்பட்ட ஒருவரிடம்தான். பரிசுத்தம் இல்லாத தகப்பன் கண்டும் காணாமல் விட்டுவிடலாம், மன்னிக்க முடியாது. சிலுவையைப் பற்றி எனக்கு எத்தனையோ பேர் எவ்வளவோ விளக்கியிருக்கிறார்கள், ஆனால் அந்தப் பாயில் எனக்குக் கிடைத்த அரை அடி இடம்தான் முதலில் விளக்கியது.

இதில் ஒரு இடம் மட்டும் கடினமானது, அதைத் தாண்டிப் போனால் நான் சொல்வது பொய்யாகிவிடும். அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்த பதினோரு நாளும் நான் "அப்பா" என்று மட்டும்தான் ஜெபம் பண்ணினேன், வேறு வார்த்தை வரவில்லை. அம்மா பிழைக்கவில்லை. பிள்ளை அப்பத்தைக் கேட்டால் கல்லைக் கொடுப்பானா என்ற வசனத்தை அதற்குப் பிறகு ஒரு வருஷம் என்னால் வாசிக்க முடியவில்லை. என்னைத் திரும்பக் கொண்டுவந்தது மாற்கு 14:36. நான்கு சுவிசேஷங்களிலும் இயேசு வாயிலிருந்து அந்த "அப்பா" அப்படியே பதிவாகியிருக்கிற ஒரே இடம் கெத்செமனே தோட்டம்தான். "அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும், இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்". பாத்திரம் என்றது வரப்போகிற சிலுவைப்பாட்டை. அதை எடுத்துப்போடவில்லை. சந்தோஷமான நேரத்தில் சொன்னது எழுதப்படவில்லை, தரையில் விழுந்து கிடந்தபோது சொன்னதுதான் எழுதப்பட்டிருக்கிறது. எனக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அந்தச் சொல்லை அந்த நிலையில் சொல்ல எனக்கும் உரிமை உண்டு என்று தெரிந்தது.

ஜெபம் எப்படிப் பண்ணுவது என்று சபையில் இளம்பெண்கள் கேட்கும்போது நான் பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள், மத்தேயு 6-இல் அப்படித்தான் இருக்கிறது. உடனே கேட்க ஆரம்பித்துவிடாதீர்கள், யார் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்று கொஞ்சம் சும்மா இருங்கள். அப்புறம் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசுங்கள். மூச்சுக்கு மூச்சு "தகப்பனே, தகப்பனே" என்று இட்டு நிரப்ப வேண்டாம், ஒரு தடவை நினைத்துக் கூப்பிட்டால் போதும். பொய் சொன்ன நாளில் பொய் சொன்னேன் என்றே சொல்லிவிடுங்கள், அதைச் சொல்லாமல் மற்றதெல்லாம் சொன்னால் அன்றைக்கு ராத்திரி நான் பாடிய கீர்த்தனை மாதிரிதான் இருக்கும்.

அந்தப் பிள்ளை இப்போது முதல் வரியைச் சொல்கிறாளா என்று கேட்பீர்கள். வாய் அசைகிறது. சத்தம் வருகிறதா என்று நான் பக்கத்தில் போய்ப் பார்ப்பதில்லை.

அப்பாவுக்கு எழுபத்தேழு வயசு. முழங்கால் மடங்காது, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் ஜெபம், ஆனால் நேரம் மாறவில்லை. போன வாரம் பசுமலை வீட்டில் தங்கியிருந்தபோது நானும் மூன்று மணிக்கு எழுந்து நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். அவர் "அப்பா" என்றார். நானும் அதையே சொன்னேன், அவரை இல்லை. அப்புறம் "எங்கள் பிதாவே" என்று ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னபோது, அந்த "எங்கள்" என்ற சொல்லுக்குள் அவரும் நானும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருந்தோம். வெளியே ரோட்டில் முதல் பஸ் பழங்காநத்தம் பக்கமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அப்பா கண்ணைத் திறக்கவில்லை.