கோடை விடுமுறைக்கு இரவிகுளம்

ஏப்ரல் விடுமுறையில், மூணாறு அருகேயுள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு செல்லத் திட்டமிட்டு வருகிறோம். நாள் குறிப்பதற்கு முன் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: வரையாடுகள் குட்டி ஈனும் காலம் என்பதால், வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவைப் பயணிகளுக்கு மூடிவிடுகிறார்கள்; அது மிக நல்ல ஏற்பாடு என்றே கருதுகிறேன், ஏனெனில் பிறந்து சில நாளே ஆன குட்டியைக் கைப்பேசியோடு கூட்டம் சூழ்ந்துகொண்டால் அது தாயோடு நிம்மதியாக மேயவே முடியாது. நம் மாநில விலங்கான வரையாட்டை ராஜமலைப் புல்வெளியில் மிக அருகிலேயே காணலாம் என்பதும், முதிர்ந்த கிடாவின் கரும்பழுப்பு உடலில் முதுகின் மேல் மட்டும் சேணம் போட்டதுபோல் வெள்ளி நிறம் படர்ந்திருக்கும் என்பதும் பிள்ளைகளுக்கு இப்போதே மனப்பாடம். 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியும் இப்பூங்காவில்தான் இருக்கிறது.

சென்ட்ரலிலிருந்து போடிநாயக்கனூருக்கு வாரத்தில் 3 நாள் இரவு ரயில் உண்டு. அங்கிருந்து போடிமெட்டு வழியாக மூணாறுக்கு மலையேறலாம். நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்துவிடுவது நல்லது. குறிஞ்சி 2018-இல் பூத்தது, இனி 2030-இல்தான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். தண்டையார்பேட்டை வெயிலிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் வாங்க, இந்த வாரம் எம்.சி. ரோடு செல்கிறோம்.