கலங்கல் தண்ணீருக்கு எவ்வளவு படிகாரம்?

ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலூர்ப் பக்கம் கெடிலமும் பெண்ணையாறும் கலங்கி ஓடும். அந்தத் தண்ணீரைச் சொம்பில் பிடித்து ராத்திரி முழுக்க வைத்தாலும் மணல்தான் அடியில் தங்கும். மிதப்பது கூழ்மம்: 1 முதல் 1000 நானோமீட்டர் அளவுள்ள களிமண் துகள்கள். எல்லாவற்றிலும் எதிர்மின்சுமை இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். டார்ச் அடித்தால் ஒளிப்பாதை தெரியும், டிண்டால் விளைவு.

படிகாரத்திலுள்ள அலுமினிய அயனிக்கு மூன்று நேர்மின்சுமை. அது துகள்களின் சுமையைத் தணித்து ஒட்டவைக்கும். 20 லிட்டருக்கு 1 கிராம், ரொம்பக் கலங்கல் என்றால் 2. கட்டியைச் சுழற்றினால் அளவு பிடிபடாது; பொடித்து, அரை டம்ளர் நீரில் கரைத்து ஊற்றுங்கள். ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, பிறகு பத்து நிமிடம் மெதுவாக. இந்த இரண்டாவது கட்டத்தில்தான் பலர் கெடுக்கிறார்கள்: பஞ்சுபோலத் திரண்டது வேகத்தில் உடைந்துவிடும். அரை மணி நேரம் கழித்து மேல்நீரை வடியுங்கள்.

அள்ளிப் போட்டால் சீக்கிரம் தெளியாது. துகள்கள் நேர்மின்சுமைக்கு மாறி மறுபடி மிதக்கும். தெளிந்த நீரிலும் கிருமி இருக்கும், கொதிக்கவைத்தே குடியுங்கள்.

முகத்துவாரத்தில் இதே வேலையைக் கடலுப்பு செய்கிறது. அங்கே சேறு படிவதற்கு அதுவும் ஒரு காரணம்.