கீழ்த்தளம் படுக்கையறை ஆகாது

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், பார்க் ஸ்லோப்பில் தோட்டத்தோடு ஒரு டூப்ளெக்ஸ் (இரண்டு தள அடுக்குமாடி வீடு) விற்பனைக்கு வந்திருக்கிறது என்று புரோக்கர் சொன்னதும், நானும் மனைவியும் அந்த ஞாயிறே போய்ப் பார்த்தோம். 1920களில் எழுந்த செங்கல் கட்டடம். இந்த ஊரில் ‘ப்ரீ-வார்’ என்றால் இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது. கனத்த சுவர், உயரமான கூரை, ஓக் மரத் தரை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். வாசலைத் தாண்டினால் ஏழாவது அவென்யூவின் கடைச் சந்தடி, கொஞ்சம் நடந்தால் பிராஸ்பெக்ட் பார்க்.

மற்ற டூப்ளெக்ஸ்களில் மாடிக்கு ஏறுவோம். இதில் கீழே இறங்க வேண்டும். கீழறையில் கட்டில் போட்டு, மெத்தை விரித்துக் காட்டியிருந்தார்கள். வரைபடத்திலோ ‘ரெக்ரியேஷன் ரூம்’, அதாவது பொழுதுபோக்கு அறை, என்றிருந்தது. அதைப் பார்த்ததும் எங்கள் வக்கீல் சிரித்துவிட்டார். ஒரு தளத்தின் உயரத்தில் பாதிக்கு மேல் தெருமட்டத்துக்குக் கீழே போனால் நியூயார்க் விதிப்படி அது செல்லார். அங்கே படுக்கையறை வைக்கக்கூடாது. குறைந்தது பாதியாவது மேலே தெரிந்தால்தான் பேஸ்மென்ட். டேப்பை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். ஏழரை அடி உயரத்தில் தெருவுக்கு மேலே மூன்றடிகூட இல்லை. இரண்டு படுக்கையறை ஒன்றாகிவிட்டது. அதைச் சொல்லியே விலையைக் குறைத்தோம்.

அளந்தபோதே புத்தக அலமாரிக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். தரையோரப் பலகை தண்ணீரில் ஊறிய பிஸ்கட் மாதிரி உப்பியிருந்தது. முழங்கால் உயரம் வரை மட்டும் புதுப் பெயின்ட். விற்பவரின் புரோக்கரைக் கேட்டால், “பழைய கட்டடம் சார், இதெல்லாம் சகஜம்” என்றார். கட்டட நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்புகளை வக்கீல் வாங்கிப் படித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. 2021 செப்டம்பர் 1, ஐடா புயலின் மிச்சம் கொட்டிய இரவு. சென்ட்ரல் பார்க்கில் ஒரே மணி நேரத்தில் 3.15 அங்குலம் பெய்தது. நகரத்தின் தரைக்கீழ் வீடுகளில் 11 பேர் இறந்தார்கள். இந்தக் கட்டடத்திலும் தோட்டத்து வடிகால் வழியாகத் தண்ணீர் திரும்பி வந்திருக்கிறது. சாக்கடை நீர் எதிர்த்து வராமல் தடுக்கும் வால்வைக் கட்டட நிர்வாகத்தின் செலவில் பொருத்திய பிறகே கையெழுத்து என்று நின்றோம். இரண்டு மாதம் ஓடியது.

இத்தனையும் செய்து நாங்கள் வாங்கியது வீடும் இல்லை. இது கோ-ஆப். கட்டடம் ஒரு கம்பெனியின் சொத்து. நமக்குக் கிடைப்பது அதில் ஷேரும், குடியிருக்க ஒரு லீஸும்தான். தோட்டம் எங்கள் உபயோகத்துக்கு மட்டும் என்று அந்த லீஸில் எழுதியிருக்கிறதா என வக்கீல் வரி வரியாகத் தேடினார். நல்லவேளை, இருந்தது. இல்லையென்றால் தோட்டம் எங்களுடையது என்பது வெறும் வாய்ப்பேச்சுதான்.

அப்புறம் போர்டு, அதாவது கோ-ஆப்பின் நிர்வாகக் குழு. அவர்கள் சம்மதித்தால்தான் வாங்க முடியும். வரிக் கணக்கு, வங்கி அறிக்கை, சம்பளச் சான்று, நண்பர்களின் பரிந்துரைக் கடிதங்கள் என்று நாங்கள் கொடுத்த கட்டு இருநூறு பக்கத்தைத் தாண்டியது. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் போர்டுக்கு இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முன் உட்காருவதுபோல அரைமணி நேரம் உட்கார்ந்தோம். பணத்தைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. மேல்தளத்து அம்மா ஒருவர் மட்டும், “தோட்டத்தில் ராத்திரி விருந்து வைப்பீர்களா?” என்றார். எங்களுக்கு ஒன்பதரைக்கே தூக்கம் வந்துவிடும் என்று மனைவி சொன்னாள். ஐந்தாம் நாள் சம்மதம் வந்தது.

விலை 10 லட்சம் டாலரைத் தொட்டதால் வாங்குபவர் தலையில் விழும் ஒரு சதவீத ‘மேன்ஷன் டாக்ஸ்’ (மாளிகை வரி) வேறு. செல்லாரோடு கூடிய மேன்ஷன்! ஷேர் பத்திரத்தையும் லீஸையும் கையால் தொட்டுப் பார்த்தேன். கடன் தீரும்வரை இருக்கட்டும் என்று வங்கிக்காரர் வாங்கி உறையில் போட்டுக்கொண்டார். சாவி மட்டும் எங்களிடம்.

கீழறையில் இப்போது புத்தகங்களும் தையல் மிஷினும் இருக்கின்றன, எல்லாம் தரையிலிருந்து ஓரடி உயரத்தில். மழை வலுத்தால் டார்ச்சோடு இறங்கிப் போய் வடிகாலைப் பார்த்துவிட்டு வருகிறேன்.