சேவல் கூவின இடத்துல இருந்து கலிலேயா கரை வரைக்கும்

எருசலேம் போறவங்க கல்லறை ஆலயம், ஒலிவமலை, கெத்செமனே எல்லாம் நின்னு நிதானமா பார்ப்பாங்க, ஆனா சீயோன் மலையோட கிழக்குச் சரிவுல இருக்கிற ஒரு கோயிலை மட்டும் நிறைய குரூப் அரை மணி நேரத்துல முடிச்சுட்டு பஸ் ஏறிடுறாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். சேவல் கூவுறதுக்கு முன்னால பேதுரு ஆண்டவரை மூணு தடவை தெரியாதுன்னு சொன்னதுக்கு ஞாபகமா கட்டின கோயில் அது, உச்சியில தங்கக்கலர்ல ஒரு சேவல் நிக்கும், காலிகாந்துன்னு சொல்லுவாங்க, லத்தீன்ல சேவல் கூவுறதுன்னு அர்த்தம்.

எங்க குரூப்புல எங்க அண்ணனும் வந்தாங்க. ஒரு காலத்துல எங்க கோயில்ல சண்டே ஸ்கூல் நடத்தினவங்க, பாடகர் குழுவுல இருந்தவங்க. கடை நொடிச்சு வட்டிக்கு வாங்கினது தலைக்கு மேல போயி குடியில விழுந்து மதினி பிள்ளைங்களைக் கூட்டிட்டு அவங்க அம்மா வீட்டுக்குப் போற வரைக்கும் ஆயிடுச்சு. அப்புறம் ட்ரீட்மெண்ட் எடுத்து குடியை விட்டாச்சு, மதினியும் வந்துட்டாங்க, ஆனா கோயில் வாசலை மட்டும் மிதிக்கல. கேட்டா "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஆண்டவர் முன்னால போய் நிக்க"ன்னு ஒரே பதில்தான். அம்மா அழுது கெஞ்சித்தான் இந்தப் பயணத்துக்கே வந்தாங்க.

இப்ப இருக்கிற கோயிலை அசம்ப்ஷனிஸ்ட் சபை குருமார் 1931ல கட்டினாங்க. அன்னைக்கு ராத்திரி ஆண்டவரை விசாரிச்ச பிரதான ஆசாரியர் காய்பாவோட வீடு இங்கதான் இருந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, அதே மலையில அர்மீனியர்கள் வச்சிருக்கிற வேற ஒரு இடத்தையும் சொல்றாங்க. ஆனா பக்கத்துல பழைய கல்படி ஒண்ணு கீழ கீதரோன் பள்ளத்தாக்குப் பக்கம் இறங்குது பாருங்க, ரோமர் காலத்துப் படின்னு சொல்றாங்க, அன்னைக்கு ராத்திரி ஆண்டவர் அந்த வழியாத்தான் நடந்திருப்பாருன்னு நினைச்சாலே மனசு என்னமோ பண்ணும். கோயிலுக்கு அடியில பாறையைக் குடைஞ்ச ஒரு குழி இருக்கு, சுவர்ல ரொம்பப் பழைய சிலுவைக்குறிங்க. அங்க எங்க கோயில் போதகர் ஐயா 88ம் சங்கீதம் வாசிச்சாங்க, வேதத்துலயே வெளிச்சமே இல்லாம முடியிற சங்கீதம் அது. எல்லாரும் மேல ஏறிட்டாங்க, அண்ணன் வரல. நான் திரும்பிப் போய்ப் பார்த்தா சுவர்ல கைய வச்சுக்கிட்டு நிக்காங்க. நான் ஒண்ணும் பேசல.

அன்னைக்கு சாயங்காலம் தோட்டக் கல்லறையில அப்பமும் ரசமும் வச்சு திருவிருந்து கொடுத்தாங்க. அண்ணன் ஒதுங்கி ஒரு பெஞ்சுல உட்கார்ந்துட்டாங்க, எடுக்கல.

அப்புறம் எரிகோ வழியா யோர்தான் பள்ளத்தாக்குல பஸ்ல வந்து கலிலேயா. கடல்னு நாம சொன்னாலும் ஏரிதான், கடல் மட்டத்துக்கு இருநூறு மீட்டருக்கும் கீழ இருக்கு. தப்காங்கிற இடத்துல கரையை ஒட்டியே கருங்கல்லுல சின்ன கோயில், பிரான்சிஸ்கன் குருமார் 1933ல கட்டினது. உள்ள பீடத்துக்கு முன்னால ஒரு பெரிய பாறை, உயிர்த்தெழுந்த ஆண்டவர் சீஷருக்கு அதுலதான் காலைச் சாப்பாடு வச்சாருன்னு பாரம்பரியம். வெளிய வந்தா கூழாங்கல்லு, பொடிப் பொடி சிப்பி, தண்ணி கணுக்கால் அளவுதான், நல்ல தெளிவு.

அங்க ஐயா யோவான் 21 வாசிச்சாங்க. பேதுரு குளிர்காஞ்சுக்கிட்டே மறுதலிச்சது கரிநெருப்புப் பக்கத்துல, 18ம் அதிகாரத்துல இருக்கு. இங்க கரையிலயும் ஆண்டவர் போட்டு வச்சிருக்கிறது கரிநெருப்புதான். அதை நான் எத்தனையோ தடவை பிரசங்கத்துல கேட்டிருக்கேன், ஆனா அன்னைக்கு என்னைப் பிடிச்சது ஐயா அடுத்து காட்டின மாற்கு 16, 7. காலியான கல்லறையில உட்கார்ந்திருந்த வெள்ளை அங்கி வாலிபன், அங்க வந்த பொம்பளைங்ககிட்ட "அவருடைய சீஷரிடத்திற்கும் பேதுருவினிடத்திற்கும் போய்"ச் சொல்லுங்கன்னு சொல்றான். பேதுருவும் சீஷன்தானே, தனியா ஏன் பேர் சொல்லணும்? அவன் தன்னை அந்தக் கணக்குல சேர்த்துக்க மாட்டான்னு ஆண்டவருக்குத் தெரியும், அதான். பேதுரு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கிறதுக்கு முன்னாலயே பேர் சொல்லி ஆள் அனுப்பியாச்சு. கரையில வந்தப்பவும் ஏன்டா அப்படிச் சொன்னேன்னு விசாரணை இல்ல, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்", சாப்பிட்டு முடிச்ச பிறகுதான் என்கிட்ட அன்பா இருக்கியான்னு மூணு தடவை கேள்வி, மூணு தடவையும் என் ஆட்டுக்குட்டியை மேய், ஆடுகளை மேய்ன்னு கையில வேலை.

அண்ணன் செருப்பைக் கழட்டிட்டு தண்ணியில நின்னாங்க. "ஏட்டி, இருநூறு முழம் தூரத்துல இருந்து படகு வர வரைக்கும் கூட பொறுக்காம ஆண்டவர்கிட்ட வர பேதுரு தண்ணியில குதிச்சிருக்கான் பாரு"ன்னாங்க. அப்புறம் அழுதாங்க, நல்லா சத்தம் போட்டே அழுதாங்க, ஐயா வந்து தோள்ல கைபோட்டு ஜெபம் பண்ணாங்க.

ஊருக்கு வந்த பிறகு வந்த முதல் திருவிருந்து ஆராதனையில அண்ணன் மதினி கூடப் போய் முழங்கால் போட்டு வாங்கினாங்க, அம்மாவுக்குக் கால் தரையில நிக்கல. கடன் இன்னும் முடியல, மாசாமாசம் கட்டிட்டுத்தான் இருக்காங்க. ஐயா மறுபடியும் சண்டே ஸ்கூல் எடுக்கச் சொன்னப்ப மொதல்ல தயங்கினாங்க, பெரிய வகுப்பை எடுத்துக்கோங்கன்னதுக்கு வேண்டாம்னுட்டாங்க. "சின்னப் பிள்ளைங்க வகுப்பைத் தாங்க ஐயா, பேதுருகிட்டயே மொதல்ல ஆட்டுக்குட்டியைத்தான கொடுத்தாரு"ன்னு சொல்லி வாங்கிக்கிட்டாங்க.