தட்டில் முள் இறங்கும் சத்தம்

நேற்று சாயங்காலம் லண்டன் பிரிக்ஸ்டனில் இருபது பேர் சேர்ந்து உட்கார்ந்து இசைத்தட்டு கேட்டோம். ஜமைக்காக்காரப் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் சின்னத் தட்டை உறையிலிருந்து எடுத்து, விளிம்பை மட்டும் பிடித்து, தூசி துடைத்து, முள்ளை இறக்கினார். முதலில் லேசான கரகரப்பு. அப்புறம் அடிவயிற்றில் இடிக்கிற பேஸ் (கனத்த அடித்தள ஒலி)! மறுபக்கம் திருப்பினால் அதே பாட்டு, குரல் இல்லாமல். ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டன் தெருவில் ஸ்பீக்கர் அடுக்கி, அந்த வெறும் தாளத்தின் மேல்தான் டீஜேக்கள் பேசிப் பாடினார்கள்.

1948இல் கரீபியன் தீவுகளிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு விண்ட்ரஷ் கப்பல் இங்கிலாந்துக்கு வந்த காலத்தில், கறுப்பர்களுக்கு இங்கே பல கிளப்புகளில் இடமில்லை. வீட்டு நிலவறைகளில் கூடி ஆடினார்கள். எவ்வளவு பெரிய அநியாயம், அதற்குள் எவ்வளவு இசை!

"எங்கம்மா வாங்கின தட்டு" என்று பெரியவர் என் கையில் கொடுத்தார். கை நடுங்கிவிட்டது எனக்கு.