ஒஹாயோவில் மலிவாக டீசல் நிரப்பி, ஜூலையில் வரி கட்டிய அனுபவம்

2024 வசந்தத்தில்தான் சொந்தமாக ட்ரக் வாங்கி ஓட்டத் தொடங்கினேன். அதுவரை ஓட்டியது கம்பனி ட்ரக். டீசல் கார்ட்டும் வரிக் கணக்கும் அவர்கள் பொறுப்பு. கனடாவின் ஒன்ராறியோவில் இஃப்டா (ட்ரக்கின் டீசல் வரியைப் பல மாநிலங்களுக்கும் மாகாணங்களுக்கும் ஒரே படிவத்தில் கணக்குக் காட்டும் ஏற்பாடு) உரிமம் எடுத்து, கேபினின் இரண்டு பக்கமும் ஸ்டிக்கர் ஒட்டியபோதுகூட, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிரப்பும் படிவம் என்பதற்கு மேல் அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

என் ஓட்டம் பெரும்பாலும் அமெரிக்காவின் ஒஹாயோவும் பென்சில்வேனியாவும். ஒஹாயோ பம்பில் டீசல் மலிவு. அதனால் எல்லை தாண்டுமுன் டாங்கை நிரப்பிக்கொள்வேன். பென்சில்வேனியாவில் ஒரு கலன்கூட வாங்காமல் திரும்புவது நல்ல சிக்கனம் என்று நம்பினேன்.

இரண்டாம் காலாண்டுக் கணக்கை ஜூலை 31-க்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் 50 டொலர் அல்லது வரியில் 10 சதவீதம், எது கூடவோ அது அபராதம். படிவம் லீற்றரிலும் கிலோமீற்றரிலும் போகும். இங்கே விளங்குவதற்காகக் கலனிலும் மைலிலும் சொல்கிறேன்.

முதலில் மொத்த மைலை மொத்தக் கலனால் வகுக்க வேண்டும். எனக்கு 6 வந்தது. பென்சில்வேனியாவில் ஓடியது 9,000 மைல். அப்படியானால் அங்கே 1,500 கலன் எரித்திருக்கிறேன். அங்கே வாங்கியது பூச்சியம். அந்த ஆண்டு அவர்களின் டீசல் வரி கலனுக்கு 74.1 சதம். கட்ட வேண்டியது 1,111.50 அமெரிக்க டொலர். ஒஹாயோவில் 6,000 மைல் ஓடி 1,000 கலன் எரித்து, 2,500 கலன் வாங்கியிருந்தேன். மிகுதி 1,500 கலனுக்கு 47 சதப்படி 705 டொலர் எனக்கு வரவு. இரண்டையும் கழித்தால் 406.50 டொலர் கையிலிருந்து போக வேண்டும். மூன்று மாதச் சிக்கனம் இதுதானா என்று மனம் உடைந்துபோனேன்.

இருபது வருடமாக இந்தப் பாதையில் ஓடும் ஒரு அண்ணையிடம் போய்ச் சொன்னேன். அவர் என் பற்றுச்சீட்டுகளை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, பம்பிலை தெரியிற விலை உம்மடை விலை இல்லை. அந்த மாநிலத்து வரியைக் கழிச்சுப் பாரும்" என்றார்.

மே மாதத்தில் ஒருநாள் ஒஹாயோவில் 3.80-க்கு நிரப்பியிருந்தேன். அன்று எல்லைக்கு அந்தப் பக்கம் 3.99. வரியைக் கழித்தால் ஒஹாயோ 3.33, பென்சில்வேனியா 3.249. பம்பில் 19 சதம் கூடவாகத் தெரிந்த இடம்தான் உண்மையில் 8 சதம் மலிவு! இந்த வரி, டீசலை எங்கே வாங்கினோம் என்பதைப் பார்ப்பதில்லை, எங்கே ஓடினோம் என்பதைத்தான் பார்க்கிறது. பம்பில் கட்டுவது முற்பணம் மாதிரி. கடைசியில் அந்தந்த மாநிலத்துக்குச் சேர வேண்டியது சேர்ந்தே தீரும்.

அப்புறம்தான் ஒன்று தெளிவானது. அந்த 406 டொலர் நட்டமே இல்லை, எப்படியும் கட்ட வேண்டிய பணம். என் உண்மையான நட்டம், 1,500 கலனை வரி கழித்த விலை கூடிய இடத்தில் வாங்கியது. எல்லா நாளும் அதே வித்தியாசம் என்று வைத்தால் சுமார் 120 டொலர். இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் அந்தக் கிழமை நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இதற்காக வரி கூடிய மாநிலத்தில்தான் நிரப்ப வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வரியும் கூடி, அடிப்படை விலையும் கூடிய இடங்கள் நிறைய உண்டு. கழித்துப் பார்த்தால்தான் தெரியும். விலைக்கழிவு தரும் கார்ட் இருந்தால் அந்தக் கழிவையும் சேர்த்துக் கழிக்க வேண்டும். ஒன்ராறியோ விலையை ஒப்பிடும்போது லீற்றருக்கு 9 சத மாகாண வரியோடு எச்எஸ்ரி என்ற விற்பனை வரியையும் எடுத்துவிட வேண்டும், பதிவு செய்த தொழில் என்றால் அது வேறு கணக்கில் திரும்பி வரும். ஒரெகன் தனி மாதிரி. அங்கே பெரிய ட்ரக்குகளுக்கு டீசல் வரிக்குப் பதிலாக எடைக்கும் மைலுக்கும் வரி. பம்ப் விலை அதனால் குறைவாகத் தெரியும், ஆனால் இஃப்டாவில் வரவு ஒன்றும் கிடைக்காது.

அந்தக் காலாண்டில் இரண்டு டீசல் பற்றுச்சீட்டுகளை வேறு தொலைத்திருந்தேன். அந்தக் கலன்களுக்கு வரி கட்டியதாகக் காட்ட வழியே இல்லை. அது 120 டொலரைவிட அதிகமாக வலித்தது. இப்போது நிரப்பியவுடன், கேபினில் ஏறுமுன்னரே, சீட்டைப் படம் எடுத்துவிடுகிறேன். குளிரூட்டிப் பெட்டிக்கு அடித்த டீசல் இந்தக் கணக்கில் வராது என்பதால் அதற்குத் தனிச் சீட்டு. எல்லாவற்றையும் நான்கு வருடம் வைத்திருக்க வேண்டும்.

சரி, இப்போது திங்கட்கிழமை புறப்படுமுன் போகும் மாநிலங்களின் வரி கழித்த விலையை ஒரு துண்டில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டுகிறேன். பத்து நிமிட வேலை. அக்டோபர் கணக்கில் கட்ட வேண்டி வந்தது 38 டொலர்தான், அதற்கான பணத்தையும் முன்னரே ஒதுக்கி வைத்திருந்தேன்.