பெரியப்பாவும் ஒற்றை ராஜாவும்

செஸ்ஸில் எதிராளியின் காய்களை வெட்டித் தீர்ப்பதில் பெரியப்பா கில்லாடி. என் மகளோடு ஆடியபோதும் அவளுடைய ராஜாவைத் தவிர எதையும் விட்டுவைக்கவில்லை. அவரிடம் ராஜாவோடு ராணியும் இருந்தது. "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

முடியவில்லை. செக், செக் என்று ராணியை வைத்துத் துரத்திக்கொண்டே இருந்தார். அவருடைய ராஜாவோ ஆட்டம் தொடங்கிய கட்டத்திலேயே குந்தியிருந்தது. ராஜா துணைக்கு வராமல் ராணி மட்டும் மேட், அதாவது தப்ப வழியே இல்லாத செக், செய்ய முடியாது. மகளுக்கு இது தெரியும். ஆளுக்கு 50 நகர்த்தல், நடுவில் வெட்டும் இல்லை, சிப்பாயும் நகரவில்லை என்றால் டிரா கேட்கலாம் என்பதும் தெரியும். வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவ்வளவு தூரம் போகவில்லை. அவள் ராஜாவை எச்8 மூலைக்குள் நுழைத்தாள். பெரியப்பா ராணியை எஃப்7-க்கு நகர்த்திவிட்டு, "இப்போ எங்க ஓடுவ?" என்றார்.

"எங்கயும் ஓட முடியாது தாத்தா. ஆனா செக்கும் இல்லையே. ஸ்டேல்மேட். டிரா!"

"அசைய வழியில்லன்னா நான் ஜெயிச்சேன்னுதானே அர்த்தம்?"

ஆறுதலாக இருக்கட்டுமே என்று நான் வாயைக் கொடுத்தேன். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இங்கிலாந்தில் இப்படி முடக்கியவர்தான் தோற்றவர், நீங்கள் டிராவோடு தப்பித்தீர்கள் என்றேன். அவர் பார்த்த பார்வையில் பேச்சை மாற்றினேன்.

மகள் பாடம் எடுத்தாள். "செக் சொல்லாதீங்க தாத்தா. ராணிய என் ராஜாவுக்குக் குதிரைத் தாவல் தூரத்துல, அதாவது ரெண்டு கட்டம் நேரா, ஒரு கட்டம் பக்கவாட்டுல வைங்க. நான் எந்தப் பக்கம் போறேனோ, நீங்களும் அதே பக்கம் நகருங்க. நான் மூலைக்குள்ள போனதும் மட்டும் ராணியத் தொடவே தொடாதீங்க. உங்க ராஜாவக் கூட்டிட்டு வாங்க."

சரியாக ஆடினால் ராணி மேட்டுக்கு அதிகபட்சம் 10 நகர்த்தல் போதும். பெரியப்பாவுக்கு அதைவிட நிறைய ஆனது. ஆனாலும் ராணி இ7-இலேயே நிற்க, எதிர் ராஜா ஜி8, எச்8 என்று தவிக்க, தன் ராஜாவை அவர் ஜி6 வரை நடத்தி வந்த அழகு இருக்கிறதே! ராணி ஜி7, செக்மேட்.

அப்புறம் அவர் முழு ஆட்டம் ஆடுவதே இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் கையில் ஒற்றை ராஜாவைக் கொடுத்து எதிரே உட்காரவைக்கிறார். யானை மேட்டையும் பழகிக்கொள்ளுங்களேன் என்று சொன்னேன். "அதுக்கு எத்தன நகர்த்தல்?"

"அதிகபட்சம் 16."

"அவ்வளவு நேரம் எவன் உட்காருவான்?" என்றவர், ராஜாவை என் பக்கம் தள்ளினார்.